தற்காப்புக்காகச் சுட்டனர்

என்கவுன்டர் செய்தியை யாரும் கடைசி வரி வரை படிப்பதில்லை. படிக்கத் தேவையும் இல்லை, நமக்கே மனப்பாடம். தேடப்பட்டு வந்த ரவுடி ஊருக்கு வெளியே பதுங்கியிருப்பதாகத் தகவல் வரும், தனிப்படை போகும். இல்லாவிட்டால், ஏற்கெனவே பிடிபட்டவரை, ஆயுதத்தைப் பதுக்கிவைத்த இடத்தைக் காட்டச் சொல்லி விடியற்காலையில் அழைத்துப் போவார்கள். அங்கே அவர் அரிவாளையோ நாட்டுத் துப்பாக்கியையோ எடுத்துத் தாக்குவார். காவலர் ஒருவருக்குக் கையில் வெட்டு விழும். ஆய்வாளர் எச்சரிப்பார், அவர் கேட்க மாட்டார். தற்காப்புக்காக ஆய்வாளர் சுடுவார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்துவிடும். மறுநாள், கையில் கட்டோடு படுத்திருக்கும் காவலரிடம் உயரதிகாரி நலம் விசாரிக்கும் படம் வரும்.

ஊரும் பெயரும் மாறும், வரிசை மாறாது. போலீசுக்குக் கற்பனை வறட்சி என்று டீக்கடையில் கிண்டலடிப்போம். விஷயம் அதுவல்ல. அந்தச் செய்திக்குறிப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு சட்டப் பிரிவுக்கு எழுதப்பட்ட பதில். அதில் முக்கியமான வரி ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கொலை வழக்குதான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். செத்தவர் மீது இத்தனை வழக்குகள் நிலுவையில் இருந்தன என்று குறிப்பில் இருக்கும். 'ஆகவே சுட்டோம்' என்று எந்தக் குறிப்பிலும் இருக்காது. ஊரே அப்படித்தான் நினைக்கிறது, அதற்காகத்தான் கைதட்டுகிறது. ஆனாலும் சுட்டவர் அதை எழுத்தில் சொல்லத் துணிவதில்லை. சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

போலீசுக்குச் சுட்டுக் கொல்லும் அதிகாரம் இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு பிரிவைத் தேடினால் கிடைக்காது. ஆந்திராவில் நடந்த மோதல் சாவுகள் பற்றி மனித உரிமை அமைப்பு ஒன்று கொடுத்த புகாரை விசாரித்த பிறகு, தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா 1997 மார்ச்சில் மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னொருவர் உயிரை எடுக்கும் உரிமை எதையும் நம் சட்டம் போலீசுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். போலீஸ்காரர் கையால் ஒருவர் செத்தால், அது குற்றமல்ல என்று நிரூபணமாகும் வரை குற்றம்தான். தப்பிக்க இரண்டே வாசல்கள் உண்டு. ஒன்று தற்காப்பு, இன்னொன்று கைது செய்யும்போது தேவைப்படும் பலம்.

முதல் வாசலில் போலீசுக்கென்று தனி வரிசை கிடையாது. நீங்களும் நானும் நிற்கிற அதே வரிசைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிர் போகும், கொடுங்காயம் விழும் என்ற நியாயமான பயம் இருந்தால், வல்லுறவோ கடத்தலோ ஆசிட் வீச்சோ நடக்கிறது என்றால், தாக்குபவரைக் கொல்லும் அளவுக்கும் போகலாம். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட ஒரு பிடிகூட அதிகமாகப் போகக் கூடாது. ஆபத்து முடிந்த நொடியில் உரிமையும் முடிந்துவிடும். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறவரை முதுகில் சுட்டால் அதற்குத் தற்காப்பு என்று பெயரில்லை.

இந்தப் பிரிவுகளை எழுதியவர்கள் வெறுமனே விதி சொல்லிவிட்டுப் போகவில்லை, உதாரணங்களும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று முதல் தடவை படித்தபோது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. ஒருவரைக் கொல்ல ஒரு கும்பல் வருகிறது. துப்பாக்கியால் சுட்டால்தான் தப்பிக்க முடியும். கும்பலுக்குள் சின்னப் பிள்ளைகள் கலந்து நிற்கிறார்கள். அவர் சுடுகிறார், பிள்ளை ஒன்றுக்கு அடிபடுகிறது. குற்றமல்ல என்கிறது சட்டம். இவ்வளவு தூரம் இறங்கிவரும் அதே சட்டம், கையில் விலங்கோடு நிற்கிற கொலைகாரனைச் சுட ஒரு அங்குலம்கூட இறங்கி வருவதில்லை. குற்றமே செய்யாத பிள்ளை அடிபட்டால் மன்னிப்பு உண்டு, பத்துக் கொலை செய்தவன் அடிபட்டால் மன்னிப்பு இல்லை. முதலில் தலைகீழாகத் தெரியும். ஆனால் சாகிறவர் நல்லவரா கெட்டவரா என்று இந்தச் சட்டம் பார்ப்பதே இல்லை. சுடுகிறவருக்கு அந்த நொடியில் வேறு வழி இருந்ததா என்று மட்டும்தான் கேட்கிறது.

இரண்டாவது வாசல் கைது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் பழைய 46, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 43. கைதை எதிர்த்தாலோ தப்பிக்கப் பார்த்தாலோ தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம். அதோடு ஒரு கடிவாளம்: மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் சாவுக்குக் காரணமாகும் உரிமையை இந்தப் பிரிவு தராது. 'தராது' என்ற எதிர்மறையில்தான் வாசகமே இருக்கிறது. கொலைக் குற்றவாளி என்றால் சுடலாம் என்று நேராக அது எங்கும் சொல்லவில்லை. செயின் பறித்துவிட்டு ஓடுகிற பையனைக் கொல்ல முடியாது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது.

இப்போது அந்தச் செய்திக்குறிப்பைத் திரும்பப் படியுங்கள். அரிவாளால் தாக்கினார் என்பது உயிர்பயத்துக்கு. எச்சரித்தும் கேட்கவில்லை என்பது, தேவைக்கு மேல் பலம் காட்டவில்லை என்பதற்கு. தப்பியோட முயன்றார் என்பது கைதுப் பிரிவுக்கு. காவலர் கையில் கட்டு என்பது சாட்சியம். ஒரு வரியும் வீண் இல்லை.

சரி, அந்தக் கதை உண்மையா என்று யார் பார்ப்பது? கோளாறு இருப்பது இங்கேதான். சம்பவம் முடிந்ததும் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலும் அது செத்தவர் மீது, போலீசைக் கொல்ல முயன்றார் என்று. குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு அத்தோடு அடங்கிவிடும். புகார்தாரர் போலீஸ், விசாரிப்பவர் போலீஸ், எதிரி பிணவறையில். 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இதை நேராகவே உடைத்தார்கள். மோதலில் யார் செத்தாலும் சுட்டவர் மீது வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு என்பதை அவர் விசாரணையில் நிரூபித்துக்கொள்ளட்டும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்துவிட்டது.

பின்னர் உச்ச நீதிமன்றமே 2014 செப்டம்பர் 23 அன்று பதினாறு நெறிமுறைகளை வகுத்தது. 1995க்கும் 1997க்கும் இடையில் மும்பையில் நடந்த 99 மோதல்களில் ஏறத்தாழ 135 பேர் செத்தது பற்றிய வழக்கு அது. வழக்குப் பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை நடக்க வேண்டும். சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி தர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது பதக்கம் பற்றிய விதி: சம்பவம் நடந்த உடனே முறை தவறிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது, வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகட்டும் என்கிறது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் இப்படி ஒன்றை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என்கவுன்டருக்கு ஒரு தம்பியும் உண்டு, மாவுக்கட்டு. பிடிபட்ட ரவுடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை கால் முறிந்து, வெள்ளைக் கட்டோடு கேமரா முன் நிற்பார். அந்தப் படத்துக்கு மீம் போடாத தமிழர் குறைவு. பாத்ரூமில் மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது என்று நாம் சிரிக்கிறோம். சிரிக்கும்போதே, நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும் என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

கைதட்டுகிறவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. 2019 நவம்பர் 27 இரவு ஐதராபாத் புறநகரில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் கூட்டு வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. நான்கு பேர் கைதானார்கள். டிசம்பர் 6 விடியற்காலையில், உடல் எரிக்கப்பட்ட சட்டன்பள்ளி பகுதிக்கு அவர்களை அழைத்துப்போன போலீஸ் நால்வரையும் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள் என்பது போலீஸ் சொன்ன காரணம். அன்று காலை அங்கே திரண்ட ஜனங்கள் போலீஸ் மீது பூத்தூவினார்கள். எங்கள் தெருவில் பூத்தூவவில்லை, ஆனால் வாட்ஸ்அப் முழுக்க அன்று தீபாவளிதான். பெண் பிள்ளை பெற்றவர்கள் அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். அவர்களிடம் போய்த் தற்காப்புப் பிரிவு 100 பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. டெல்லியில் 2012 டிசம்பர் 16 அன்று பேருந்தில் நடந்த கொடுமைக்குத் தண்டனை பெற்ற நால்வரும் 2019 டிசம்பரிலும் உயிரோடுதான் இருந்தார்கள். அவர்கள் தூக்கிலிடப்பட்டது 2020 மார்ச் 20 அன்று. அங்கே ஏழு ஆண்டு மூன்று மாதம், இங்கே ஒன்பது நாள். நீதிமன்றம் தூங்குகிறது, துப்பாக்கி தூங்குவதில்லை என்று ஜனங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று பார்க்க உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையம் அமைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டி.ஆர். கார்த்திகேயனும் அதில் ஓர் உறுப்பினர். போலீஸ் என்றாலே ஆகாது என்று சொல்லக்கூடியவர் இல்லை அவர். 2022இல் வந்த அறிக்கை போலீஸ் கதையை நம்ப முடியாது என்றது. சாகடிக்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள், பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. அதோடு இன்னொன்று: செத்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அவர்கள் குற்றம் செய்தார்களா, நால்வரும் செய்தார்களா, யார் என்ன செய்தார் என்பதை இனி எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்க முடியாது. உயிர் பறிபோன பெண்ணுக்கும் இது நீதி ஆகவில்லை. அவர் வழக்கு கடைசி வரை விசாரிக்கப்படவே இல்லை.

இப்படிப்பட்ட விவாதங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் வள்ளுவரை இழுத்துவருவார். கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுப்பது, பயிருக்குக் களை எடுப்பதற்குச் சமம் என்கிற 550ஆவது குறள். மேற்கோள் சரிதான். ஆனால் அது செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அந்த அதிகாரம் 'ஓர்ந்துகண் ணோடாது' என்று தொடங்கி, யாரிடத்தும் தேர்ந்து செய்வதுதான் முறை என்கிறது. ஆராய்ந்து, ஒரு பக்கம் சாயாமல், தேர்ந்து, அதற்கு அப்புறம்தான் ஒன்பது குறள் தாண்டிக் களைக்கொட்டு வருகிறது. களை எடுக்கிறவர்கள் கடைசிக் குறளை மட்டும் படித்துவிட்டு வயலில் இறங்கிவிடுகிறார்கள்.

களைக்கொட்டை அரசு கையில் எடுக்கவே கூடாதா என்ற கேள்வி இருக்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அரசுக்கு உரிமை ஆகாயத்திலிருந்து வரவில்லை, நம்மிடமிருந்து போனது. என்னைக் கொல்ல வருகிறவனைத் தடுக்க எனக்கு உரிமை உண்டு, அதைப் போலீசிடம் ஒப்படைக்கலாம். கையைக் கட்டிப் போட்ட ஒருவனைக் கொல்லும் உரிமை என்னிடமே இல்லை. இல்லாததை நான் எப்படிக் கடன் கொடுப்பது? இந்தக் கணக்கில் தூக்குத் தண்டனை பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். கட்டிப் போட்ட மனிதனை, ஆபத்து எல்லாம் முடிந்த பிறகு, தேதி குறித்துக் கொல்வதுதானே அது. அதனால்தானோ என்னவோ, நம் சட்டமே அதைச் சுற்றி இத்தனை வேலி போட்டிருக்கிறது.

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் தூக்கு என்று வைத்தது. ஐந்து நீதிபதிகளில் பி.என். பகவதி மட்டும் அதுவும் கூடாது என்றார். செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை எழுதினாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது, கைதி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் சரி. அதற்கு மேல் உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு, ஆளுநர், குடியரசுத் தலைவர். 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் இன்னொன்றும் சேர்ந்தது: கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும், அதன் பிறகு பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டும். குடும்பத்தைக் கடைசியாகப் பார்க்க, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள. டெல்லி வழக்கில் தூக்குத் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. கடைசி இரவிலும் விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு வரை உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. மனு தள்ளுபடியான பிறகு காலை ஐந்தரை மணிக்குத் தூக்கு. தமிழ்நாட்டில் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்ட பிறகு இன்னொரு தூக்கு நடக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று நீதிமன்றங்கள் குற்றவாளி என்று முடிவு செய்தவருக்குப் பதினான்கு நாள் நோட்டீஸ் உண்டு, வீட்டார் சந்திப்பு உண்டு, நள்ளிரவு வாதம் உண்டு. குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் ஆகாதவருக்கு ஒரு காலைப் பொழுது மட்டும். தூக்கு வேண்டாம் என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் வருஷக்கணக்காக மோதிக்கொள்கிறோம். துப்பாக்கி இந்த விவாதத்துக்குள் வராமலே பக்கவாட்டில் போய்விடுகிறது.

தனி மனிதரை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தால் விதி இன்னும் இறுக்கம். சட்டவிரோதமாகக் கூடியவர்களைக் கலைக்கலாம், ஆனால் நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ உத்தரவிட வேண்டும். நடுவர் என்றால் பெரும்பாலும் தாசில்தார், துணைத் தாசில்தார். படை வந்தாலும், கூட்டத்தைக் கலைக்க எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவுதான். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன கூட்டத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மறுநாளும் தொடர்ந்த சூட்டோடு 13 பேர் செத்தார்கள். சுட உத்தரவிட்டது யார் என்று ஊரே கேட்டபோது, துணைத் தாசில்தார்கள் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருந்தது. ஒரு மாவட்டத் தலைநகரில், இத்தனை உயரதிகாரிகள் இருக்கும் இடத்தில், உயிர் எடுக்கும் முடிவு சட்டப்படி ஒரு துணைத் தாசில்தாரின் கையெழுத்தில் வந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் அறிக்கை கொடுத்தது. கூட்டம் கலைந்து ஓடும்போது, மறைவிடத்திலிருந்தும் சுட்டிருக்கிறார்கள் என்றது. 17 காவல்துறையினர் மீதும், ஆட்சியர் உட்பட வருவாய்த்துறையினர் மீதும் குறை கண்டது. செத்தவர்களில் சிலருக்குக் குண்டு பின்புறமிருந்து பாய்ந்திருந்தது. முதுகு காட்டி ஓடுகிற கூட்டத்தை இனி எங்கே கலைப்பது?

இந்தக் கடிவாளங்களையெல்லாம் தளர்த்தும் சட்டமும் ஒன்று உண்டு, ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை அடக்க 1942இல் ஆங்கிலேயர் போட்ட அவசரச் சட்டத்தின் வழிவந்தது. அங்கேகூட, மணிப்பூரில் 1,528 சாவுகள் பற்றிய வழக்கில், 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ராணுவத்துக்கும் முழு விலக்கு கிடையாது என்றுதான் சொன்னது.

இதுவரை சட்டம் பேசினோம். விசையை அழுத்துகிற விரல் எப்போதும் ஒரு கான்ஸ்டபிளுடையதோ ஆய்வாளருடையதோதான். மேலே இருந்து 'முடிச்சிடு' என்று சொன்னால் அவர் என்ன செய்ய வேண்டும்? பழைய தண்டனைச் சட்டத்தின் 76ஆவது பிரிவில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஒரு சிப்பாய், மேலதிகாரியின் உத்தரவுப்படி, சட்டத்தின் கட்டளைக்கு இணங்க, கும்பலைச் சுடுகிறான். அவன் குற்றம் செய்யவில்லை. நடுவிலுள்ள அந்தச் சின்னச் சொற்றொடரை விட்டுவிட்டுத்தான் பலர் படிக்கிறார்கள். மேலதிகாரி சொன்னால் மட்டும் போதாது, சொன்னது சட்டத்துக்கு இணங்கியதாக இருக்க வேண்டும். 2011இல் பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியூரம்பெர்க் விசாரணையையே நினைவுபடுத்தியது. 'உத்தரவு என்றால் உத்தரவு' என்ற நாஜிகளின் வாதம் எடுபடவில்லை, போலி மோதலுக்கு உத்தரவிட்டால் மறுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொலைக் குற்றம்தான் என்று போலீசை எச்சரித்தது.

மறுத்த ஒருவரின் கதை கேரளத்தில் இருக்கிறது. 1970 பிப்ரவரி 18, வயநாட்டின் திருநெல்லிக் காடு. ஆதிவாசிகளைத் திரட்டிய நக்சலைட் தலைவர் வர்கீஸ் அன்று பிடிபட்டார். அடியர் மக்கள் அவரைப் பெருமன் என்று கூப்பிட்டார்கள். மோதலில் செத்தார் என்றது போலீஸ். 28 ஆண்டுகள் அதுவே அரசாங்கத்தின் உண்மையாக இருந்தது. 1998இல் ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் சி.ஆர்.பி.எப். கான்ஸ்டபிள் வாய் திறந்தார். வர்கீஸ் உயிரோடு, கை கட்டப்பட்ட நிலையில் இருந்தார், சுட்டது நான்தான் என்றார். டி.எஸ்.பி. லட்சுமணா சுடச் சொன்னபோது நாயர் முதலில் மறுத்திருக்கிறார். மறுத்தால் நீயும் மோதலில் செத்தவனாகக் கிடப்பாய் என்று மிரட்டல் வந்தது. இரண்டு பிணம் விழுவதற்குப் பதில் ஒன்று போதும் என்று மனம் கணக்குப் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சுட்டுவிட்டார்.

சாட்சி சொல்லும்படி அவரை யாரும் நெருக்கவில்லை, வழக்கு ஏதும் வரவில்லை. வாய்மூடி இருந்திருந்தால் ஓய்வூதியத்தோடு காலம் போயிருக்கும். வாக்குமூலம் கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்றால், கேரள உயர் நீதிமன்ற உத்தரவின்படி சி.பி.ஐ. விசாரித்தபோது அவர் பெயர் முதல் எதிரியாக ஏறியது. அதுவும் சட்டப்படி சரிதான். உத்தரவு ஒரு சாக்கு இல்லை என்று நாம் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கும் பொருந்தும். நாயரே அதை மறுத்ததாகத் தெரியவில்லை. செய்ததைச் சொல்லிவிட்டுத் தண்டனைக்குத் தயாராக நின்றார். விசாரணை தொடங்கும் முன்பே 2006இல் இறந்துபோனார்.

2010 அக்டோபரில் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம், ஐ.ஜி.யாக ஓய்வுபெற்றிருந்த லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் நடந்து நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளில் அவர் டி.எஸ்.பி.யிலிருந்து ஐ.ஜி. வரை உயர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் அவருக்கு வக்கீல் இருந்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் போனது. அவரோடு கூண்டில் நின்ற ஓய்வுபெற்ற டி.ஜி.பி. ஒருவரை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அதே நீதிமன்றம் விடுதலை செய்தது.